பாலம் தவிர மற்ற எல்லா உதவியும்

உலகம் தோன்றிய நாள் முதல் எத்தனையோ அரசாங்கங்கள் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. சில கோட்டை கட்டின. சில கால்வாய் வெட்டின. ஆனால் பாத்திர மூடியைப் பற்றிப் பதின்மூன்று மாதம் இடைவிடாமல் சிந்தித்த அரசாங்கம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தச் சிந்தனையின் முழுப் பலனையும் அனுபவிக்கும் பாக்கியம் மூடியக்காவுக்குக் கிடைத்தது.

மூடியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவள் மூடியக்காதான். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டயர் கடைக்கும் தச்சுப் பட்டறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அவளுடையது. உள்ளே ஒரு பிரஸ் மிஷின். வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை வைத்து நெம்புகோலை இழுத்தால் மூடியாக விழும். அந்த நெம்புகோலைப் பத்தொன்பது வருடமாக இழுத்தவள் அவளேதான். உள்ளங்கை காய்த்துப்போகக் கூடாதென்று அதில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றி வைத்திருந்தாள். துணி கிழிந்தால் மாற்றுவாள். நிறத்தை மட்டும் மாற்றியதில்லை.

கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். இருவர் விளிம்பு மடித்தார்கள், இருவர் மெருகு போட்டார்கள், ஒருத்தி அடுக்கிக் கட்டினாள். ஆறாவது ஆள் குமிழம்மா. மூடியின் நடுவில் குமிழை வைத்து ரிவிட் அடிப்பது அவருடைய வேலை. ஒரே அடி. அவர் இரண்டாவது அடி அடித்து யாரும் பார்த்ததில்லை. கொட்டகையைத் திறந்த அன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர், மூடியக்காவை விடப் பத்து வயது மூத்தவர், முதலாளி என்றும் பாராமல் அவளைக் “கண்ணு” என்று கூப்பிடுகிறவர்.

மூடி செய்தால் போதுமா, அதன் கீழே ஒரு குண்டான் வேண்டாமா? அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில், குண்டானண்ணன் பட்டறையில் இருந்தது. நாலாம் நம்பர் முதல் பன்னிரண்டாம் நம்பர் வரை அவர் குண்டான் அடிப்பார், இவள் மூடி அடிப்பாள். புதன்கிழமை தோறும் மூடியக்காவின் வீட்டுக்காரர் லாரியில் மூடிகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடப்பார். நாற்பது நிமிடத்தில் இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். குண்டானும் மூடியும் அங்கே ஜோடி சேர்ந்து கடைக்குப் போகும். குண்டானண்ணனின் மூடி மூடியக்காவின் மூடிதான். வேறு யாருடைய பாத்திரத்துக்கும் அது பொருந்தாது. அளவு அப்படி.

இந்த அளவை இருவரும் சரிபார்த்த விதம் எந்தத் தொழிற்கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்காதது. புதுச் சரக்கு போய்ச் சேர்ந்ததும் குண்டானண்ணன் போன் செய்வார். போனை மேஜையில் வைத்துவிட்டு, குண்டான் மேல் மூடியை ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவார். “டப்” என்றால் சரியான அளவு. “டங்” என்றால் தளர்வு. “டிக்” என்றால் இறுக்கம். மூடியக்கா இந்தப் பக்கம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சரிண்ணே, போடலாம்” என்பாள். பின்னணியில் அவருடைய குண்டான் மிஷின் டக், டடக், டக், டடக் என்று நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பத்தொன்பது வருடமாக, அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி இரண்டு பேர் எந்த அமைச்சகத்தின் மேற்பார்வையும் இல்லாமல் நிம்மதியாக இருந்ததை நாடுகள் எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கொள்ளும்?

பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று இரு நாட்டுத் தூதுக் குழுக்களும் கூடிப் பேசின. ஒரு குழு நீலம் என்றது. மறு குழு அதைவிடக் கொஞ்சம் நீலம் என்றது. மூன்றாம் நாள் வார்த்தை தடித்தது. நாலாம் நாள் அந்த நாடு நம் சரக்குக்கு வரியை ஏற்றியது. ஐந்தாம் நாள் நாம் பாலத்தில் சரக்குப் போக்குவரத்தையே நிறுத்தினோம். நாட்டின் மானம் அப்படியாகக் காப்பாற்றப்பட்டது.

மானத்தோடு சேர்ந்து மூடிகளும் பத்திரமாகின. கொட்டகையில் கூரை வரைக்கும் நாலாயிரம் மூடி. வீட்டுக்காரர் வேறு வேலை இல்லாமல் லாரியைத் தினமும் கழுவினார். அது பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. மூடியக்கா ஆறு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், என்ன வந்தாலும் சரி, என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் அரசாங்கம் பெருங்கருணையுடன் “எல்லை தாண்டிய வணிக இடர் மீட்பு மற்றும் மறுமலர்ச்சித் திட்டம்” ஒன்றை அறிவித்தது. அதற்கென்றே தனி இயக்ககம். மூன்றாம் மாடி. நாற்காலிகள் புத்தம் புதியவை, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே துணை இயக்குநர் பதினோரு பக்கப் படிவத்தை எடுத்தார்.

“என்ன பொருள் செய்றீங்க?”

“மூடி சார்.”

“எதோட மூடி?”

“குண்டானோட மூடி.”

“குண்டான் எங்க?”

“அது பக்கத்து நாட்டுல இருக்கு சார். அதுதான் பிரச்சினையே.”

துணை இயக்குநர் பொருள் பட்டியலைப் புரட்டினார். குண்டான் இருந்தது. மூடி இல்லை. நெடுநேரம் யோசித்து, “மேற்பகுதி மட்டும் உள்ள குண்டான்” என்று எழுதினார். தன் எழுத்தைத் தானே ஒருமுறை ரசித்துப் பார்த்தார். பிறகு ஏழாம் பக்கத்துக்கு வந்தார்.

“எத்தனை பேரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கீங்க?”

மூடியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி கீச்சிட்டது. “ஒருத்தரையும் நிறுத்தலை சார்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்ததுபோல் அவளைப் பார்த்தார். “அப்போ பாதிப்பு எங்கம்மா இருக்கு?”

“என் கொட்டகைல சார். நாலாயிரம் மூடி, கூரை வரைக்கும்.”

“அது சரக்கும்மா. நான் கேக்கறது பாதிப்பு. ஒரே ஒருத்தர், ஒரே ஒருத்தர் வேலை இழந்திருந்தாக்கூட உங்களை முழுப் பயனாளியா ஆக்கிப் பச்சை அட்டை குடுத்திருப்பேன்.”

யாரையாவது நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரலாமே என்றுகூட அவர் பரிவோடு யோசனை சொன்னார். மூடியக்கா முடியாது என்றாள். எனவே அவள் “தற்காலிகப் பயனாளி” ஆனாள். மஞ்சள் அட்டை. அதில் “குறை நிவர்த்தியானதும் முழுத் தகுதி வழங்கப்படும்” என்று அச்சிட்டிருந்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், அரசிடம் எதிர்பார்க்கும் உதவி என்ன என்று கேட்டிருந்தார்கள். பாலத்தைத் திறந்துவிட்டால் போதும் என்று அவள் எழுதினாள். துணை இயக்குநர் அதைப் படித்துவிட்டு, நோகாமல், அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டு அடித்தார்.

“பாலம் வேற துறைம்மா. எங்ககிட்ட பாலத்தைத் தவிர எது வேணும்னாலும் கேளுங்க.”

கேட்காமலே கொடுக்கவும் செய்தார்கள். முதலில் ஆலோசகர் வந்தார். பெரிய ஹோட்டலில், பல் கிட்டித்துப்போகும் அளவுக்குக் குளிரூட்டிய அறையில் இரண்டு நாள் பயிலரங்கம். மொத்தம் பதினெட்டுப் பயனாளிகள். மூடியக்காவுக்குப் பக்கத்தில் சைக்கிள் மணிக்காரர் உட்கார்ந்திருந்தார். மணியின் கிண்ணம் இவரிடம், உள்ளே அடிக்கும் நாக்கு பக்கத்து நாட்டில். ஆறு மாதமாகச் சத்தமில்லாத மணி செய்துகொண்டிருக்கிறேன் என்று அவர் காதோடு சொன்னார். பாலம் மூடி மூன்று மாதம்தான் ஆகிறதே என்று மூடியக்கா கேட்டாள். கவலையில் கணக்குத் தப்புகிறது என்றார்.

ஆலோசகர் பலகையில் ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு மூடியக்காவிடம் வந்தார். மூடியை மூடியாகப் பார்ப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றார். அதைச் சுவர் அலங்காரமாகப் பார்க்கலாம், தொப்பியாகப் பார்க்கலாம், ஒரு தத்துவமாகக்கூடப் பார்க்கலாம் என்றார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

“உங்க மூடி உங்ககிட்ட பேசுது. அது என்ன ஆக ஆசைப்படுது?”

மூடியக்கா மரியாதைக்குக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுச் சொன்னாள். “குண்டான் மேல உக்கார ஆசைப்படுது சார்.”

ஆலோசகர் இதைச் “சார்பு மனப்பான்மை” என்று குறித்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் நூற்று நாற்பது பக்க அறிக்கை வந்தது. அதன் சாரம், மூடி செய்பவர்கள் இனிக் குண்டான் செய்ய வேண்டும் என்பது. இதற்கு “முழுமைப்படுத்தல்” என்று பெயர். அரசாங்கமே குண்டான் மிஷின் கொடுக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மூடியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் நாலாயிரம் மூடி இருக்கிறது. குண்டானும் இங்கேயே அடித்தால் ஜோடி சேர்த்து உள்ளூரிலேயே விற்கலாம். ஆறு பேருக்கும் வேலை இருக்கும். அரசாங்கத்தைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசார வருத்தப்பட்டாள். வருத்தப்பட்ட கையோடு கையெழுத்துப் போடப் போனாள். நிபந்தனை அங்கேதான் இருந்தது.

பாதிக்கப்பட்ட மிஷினையும் பாதிக்கப்பட்ட சரக்கையும் முதலில் இயக்ககத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஏன் என்று கேட்டாள். துணை இயக்குநர் பொறுமையாக விளக்கினார்.

“மூடி மிஷின் இருந்தா மறுபடி மூடி செய்வீங்க. மறுபடி பாதிக்கப்படுவீங்க. மறுபடி நாங்க உதவி செய்யணும். எங்க கஷ்டத்தையும் நினைச்சுப் பாருங்கம்மா.”

“அப்போ நான் செய்யற குண்டானுக்கு மூடி?”

“மூடி பாதிக்கப்பட்ட தொழில். அதுல இனிமே யாரையும் இறங்க விடறதா இல்லை.”

அவள் அன்று கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்து குண்டானண்ணனுக்குப் போன் செய்தாள். அவரும் மஞ்சள் அட்டை வைத்திருந்தார். அவருக்கும் குளிர் அறை, அவருக்கும் கண்ணை மூடச் சொன்ன ஆலோசகர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபோதுதான் மூடியக்கா கவனித்தாள். பின்னணியில் மிஷின் சத்தம் இல்லை. அவர் பட்டறை ஓடி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் இவளுடைய கொட்டகையில் தகடும் தீர்ந்துபோனது. ஆறு பேரும் வெறுங்கையோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் மூடியக்கா கையெழுத்துப் போட்டாள்.

பிரஸ் மிஷினைக் கொண்டுபோன அன்று அவள் அழுதாள். நெம்புகோலிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தாள். அழுகையில் மறந்துபோனது. நாலாயிரம் மூடிகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

புது மிஷின் விழாவோடு வந்தது. கொட்டகை வாசலில் பந்தல், நாற்காலிகள், ரிப்பன். இயக்குநரே நேரில் வந்தார். குள்ளமான மனிதர், ஆனால் நீண்ட பேச்சு. உலகத் தரம் வாய்ந்த இயந்திரம் என்றார், கடல் கடந்து தேடித் தேர்ந்தெடுத்தது என்றார். பச்சைப் பெயிண்ட் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. ரிப்பனை வெட்டிவிட்டு இயக்குநர் பொத்தானை அழுத்தினார்.

டக், டடக். டக், டடக்.

மூடியக்கா இந்த மிஷினைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் பத்தொன்பது வருடமாகக் காதால் கேட்டிருக்கிறாள். அந்த நொண்டிச் சத்தத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பந்தலில் அத்தனை பேர் முன்னால் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று இயக்குநர் போட்டோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே நேரம் அவள் போன் அடித்தது.

“தங்கச்சி, எனக்கு மூடி மிஷின் குடுத்திருக்காங்க. முழுமைப்படுத்தலாம். நெம்புகோல்ல சிவப்புத் துணி சுத்தியிருக்கு.” குண்டானண்ணன் சற்று நிறுத்தினார். “நாலாயிரம் மூடி வேற பயிற்சி மாதிரின்னு கூடவே வந்திருக்கு. எல்லாம் என் அளவு.”

“அண்ணே, அந்த ஸ்பிரிங்கை மாத்தவே இல்லையா?”

“அடுத்த வாரம் மாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க.”

ஆக, இரண்டு அரசாங்கங்களின் அயராத முயற்சியால் மூடிக்காரி குண்டான்காரி ஆனாள், குண்டான்காரர் மூடிக்காரர் ஆனார். இருவருக்கும் நடுவில் பாலம் மட்டும் அப்படியே மூடியிருந்தது. மூடியக்கா மறுநாளே மூன்றாம் மாடி ஏறினாள். சரக்கே போகாத பாலத்தில் மிஷின் எப்படி வந்தது என்று கேட்டாள். துணை இயக்குநர் அவளுடைய அறியாமையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“பாலத்துல வணிகம்தாம்மா போகக் கூடாது. நிவாரணம் போகலாமே.”

இதைக் கேட்டதும் மூடியக்காவின் மூளை, எந்தப் பயிலரங்கமும் இல்லாமல், தானாகவே திறந்துகொண்டது. குண்டான் அடித்தாள். அடித்த குண்டான்களைப் பயிற்சி மாதிரி என்று எழுதி இயக்ககத்திடம் ஒப்படைத்தாள். இயக்ககம் அவற்றை நிவாரணமாகப் பாலம் கடத்தி அந்த நாட்டு இயக்ககத்திடம் கொடுத்தது. அது குண்டானண்ணனிடம் கொடுத்தது. அவர் மூடி சேர்த்துக் கடைக்கு அனுப்பினார். அதே வழியில் அவருடைய மூடிகள் இங்கே வந்தன. பயனாளி மாதிரிகளைத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. விற்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சைக்கிள் மணிக்காரருக்கும் இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த மாதமே அவர் மணியில் சத்தம் வந்தது.

என்ன, முன்பு வீட்டுக்காரர் லாரியில் நாற்பது நிமிடத்தில் போனது, இப்போது நாற்பத்து மூன்று நாளில் போனது. ஒவ்வொரு குண்டானையும் ஐந்து பேர் எண்ணினார்கள், ஒருவர் படம் எடுத்தார், ஒருவர் “நல்லெண்ணம்” என்று ஸ்டிக்கர் ஒட்டினார். பதினோராம் நம்பரில் ஒட்டிய நல்லெண்ணத்தைச் சுரண்டி எடுக்க மெருகு போடும் பெண்களுக்கு அரை நாள் ஆனது. வேலை பாதி நாள்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் இருந்தது.

ஒருவரைத் தவிர.

குண்டானுக்குக் குமிழ் கிடையாது. இதை நூற்று நாற்பது பக்க அறிக்கை கவனிக்கவில்லை. குமிழம்மா தினமும் வந்தார். சுத்தியலைத் துடைத்துத் தன் இடத்தில் வைத்தார். எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், தகடு அடுக்கினார், மற்றவர்கள் வேலையைப் பிடுங்கிச் செய்யப் பார்த்தார். மூடியக்கா அவர் சம்பளத்தைக் குறைக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் குமிழம்மா சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

“நீ அனுப்பலை கண்ணு. நானாப் போறேன். சும்மா உக்காந்து வாங்குற காசு கையில ஒட்ட மாட்டேங்குது.”

தூரத்து ஊரில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெட்டித் தொழிற்சாலையில் பூட்டுக்கு ஆணி அடிக்கும் வேலை. கொட்டகையில் அவர் உட்கார்ந்த முக்காலியை மூடியக்கா எடுக்கவில்லை. யாரையும் உட்காரவும் விடவில்லை. வாக்குத் தவறிவிட்டோம் என்ற எண்ணம் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. என்ன செய்திருக்க முடியும் என்று வீட்டுக்காரரைத் தினமும் கேட்டாள். அவர் லாரியைக் கழுவப் போனார்.

பதின்மூன்றாம் மாதம் திட்டத்தின் வெற்றி விழா. நகர மன்றத்தில் நூறு பயனாளிகள். மேடையில் இயக்குநர், துணை இயக்குநர், தலைக்கு ஒரு பூங்கொத்து. சிறந்த தற்காலிகப் பயனாளி என்று மூடியக்காவை மேடைக்கு அழைத்தார்கள். திட்டத்தின் பலனைச் சபைக்கு விளக்கும்படி இயக்குநர் கேட்டுக்கொண்டார். விளக்கத் தெரியாது, கேட்க வைக்கிறேன் என்று சொல்லி அவள் குண்டானண்ணனைப் போனில் பிடித்து மைக்குக்கு முன்னால் வைத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் அடித்த குண்டான் மேல் அவர் அடித்த மூடி விழுந்தது.

டப்.

சபை கைதட்டியது. மூடியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மிஷின் மாறினாலும் அளவு மாறவில்லை, அண்ணன் கை நல்ல கை என்று நினைத்துக்கொண்டாள். இயக்குநரும் நெகிழ்ந்துவிட்டார். நெகிழ்ச்சியில் அவர் எழுதி வைத்திருந்த பேச்சை ஓரம் வைத்துவிட்டு, இதுவரை வெளியில் சொல்லாத ஒரு சாதனையைச் சொன்னார்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு, பாலத்தைத் திறந்துவிடலாம், பெயிண்ட் எந்த நீலமானாலும் சரி என்று பக்கத்து நாடு கடிதம் எழுதியதாம். அப்போது திட்டத்தில் பதினெட்டே பயனாளிகள். ஆண்டு இலக்கு நூறு. பாலம் திறந்தால் உதவி பெற ஆளே இருக்க மாட்டார்கள். திட்டம் பிஞ்சிலேயே கருகிவிடும். எனவே இயக்குநர் தாமே முன்னின்று, இலக்கை எட்டும்வரை பாலத்தைத் திறக்க வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்த நாட்டு இயக்ககத்துக்கும் இதே கவலை இருந்ததால் அவர்களும் எழுதினார்கள். இரு நாடுகளும் ஒரே குரலில் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான் என்று இயக்குநர் தழுதழுத்தார்.

மைக் இன்னும் மூடியக்காவின் கையில் இருந்தது.

“ஒன்பது மாசம் முன்னாடியா சார்?”

“ஆமாம்மா. சரியா ஒன்பது மாசம்.”

“என் மிஷினை எட்டு மாசம் முன்னாடிதான் கொண்டுபோனீங்க. குமிழம்மா போய் அஞ்சு மாசம் ஆச்சு.”

“யாரு குமிழம்மா?”

அவள் சொன்னாள். கத்தவில்லை, அழவும் இல்லை. பத்தொன்பது வருடம், ஒரே அடி, துணியில் சுற்றிய சுத்தியல், காலியாக இருக்கும் முக்காலி, எல்லாம் சொன்னாள். “எனக்கும் அண்ணனுக்கும் ஒரு பாலமும் ஒரு லாரியும்தான் சார் இருந்துச்சு. அது இருந்தவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு உதவியும் தேவைப்படலை” என்று முடித்தாள். கடைசி வரிசையில் யாரோ சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார்கள். பிறகு நூறு பேரும் எழுந்து தட்டிய தட்டலில் பூங்கொத்து மேஜையிலிருந்து விழுந்தது. போனுக்குள்ளிருந்து குண்டானண்ணனும் மூடியைக் குண்டானில் தட்டிக்கொண்டே இருந்தார்.

இயக்குநர் திகைத்தது ஒரு நொடிதான். துணை இயக்குநர் அவளுடைய கோப்போடு ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் முகம் மலர்ந்தது. ஏழாம் பக்கத்தை அவரே திறந்து, பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.

“அப்போ ஒருத்தர் வேலை இழந்திருக்காங்க. இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, சபையின் முன்னிலையில் மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு அவள் கையில் பச்சை அட்டையை வைத்தார்.

இந்த அரசாங்கத்தைக் குறை சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூடியக்காவின் விண்ணப்பத்தில் இருந்தது ஒரே ஒரு குறை, பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லை என்பது. அவளாக எவ்வளவு மறுத்தும், அந்தக் குறையை அரசாங்கமே முன்னின்று தீர்த்து வைத்துவிட்டது.